அண்ணியின் காலை முகங்கள்

1

பென்டிரைவில் இடம் போதவில்லை. இந்தக் கதை பிறந்த காரணம் அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்வது என் தொழில்தான், ஆனாலும் இந்த முறை வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய என் சிறுகதைத் தொகுப்பை அதில் ஏற்றப் போனேன். இடமில்லை என்றது. உள்ளே என்ன அடைந்து கிடக்கிறது என்று பார்த்தால், நான்கு நாள் முன்பு அண்ணனின் ஸ்டூடியோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன படங்கள். 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர். அதைத்தான் அண்ணன் கேட்டிருந்தான். பக்கத்தில் 'லைட்' என்று இன்னொன்று. அவசரத்தில் அதையும் சேர்த்து அள்ளி வந்திருக்கிறேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன்.

பார்க்காமலேயே அழித்திருக்கலாம். அழித்திருந்தால் நீங்கள் இப்போது வேறு யாருடைய கதையையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் நிம்மதியாக முன்னுரையில் நாலு பேருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின ஸ்டூடியோ அவனுடையது. பாஸ்போர்ட் படம் எடுப்பது, கல்யாணப் படம் எடுப்பது, செத்தவர்கள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது. முகத்தைச் சரிசெய்வதில் கைகாரன். "இவர்கிட்ட அடையாள அட்டைக்குப் படம் எடுத்தா, அப்புறம் போற இடத்துலெல்லாம் இது நான்தான்னு சத்தியம் பண்ணணும்" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அண்ணிக்கு நாற்பத்தொரு வயது. ஸ்டூடியோ முன்மேசையில் உட்கார்ந்து படங்களை வெட்டி உறையில் போடுவது அவள் வேலை. அண்ணன் அவளை 'சிட்டு' என்று கூப்பிடுவான். அத்தை, அண்ணியின் அம்மா. இவர்கள் மூவரும் கீழ்வீட்டில். நான் மாடியறையில், தாடியும் எழுத்துமாக.

இன்னொரு விஷயம், இது முக்கியம். அண்ணன் என் கதைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பான். அதில் யாராவது செத்திருந்தால் மூடி வைத்துவிடுவான். "செத்தவங்க முகத்தையே நாள் பூரா பெருசாக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்தும் அதேயாடா?" என்பான்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அவளுடைய சிறுநீரகங்கள் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்…'

(சகிக்கவில்லை. அழுகையை வைத்து நான் ஏற்கெனவே ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஆறாம் பகுதியில் வருகிறது.)

'ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. எங்கோ நுழைந்த கிருமியோடு சண்டைக்குக் கிளம்பும் நம் உடம்பின் காவல்படை, சில சமயம் ஆள் தெரியாமல் இந்த வடிகட்டிகளையே அடித்துவிடுகிறது. அவை வீங்குகின்றன. உள்ளே நிற்க வேண்டிய புரதமும் இரத்தமும் வெளியே ஒழுகுகின்றன. வெளியே போக வேண்டிய உப்பும் நீரும் உள்ளே தங்கிவிடுகின்றன. இதற்குச் சிறுநீரக அழற்சி என்று பெயர். ஆறினால் பிழைத்தோம். ஆறாமல் நாள்பட்டால் வடிகட்டி தழும்பாகிவிடும். தழும்பு எதையும் வடிகட்டாது.'

(ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டலாம். ஆனாலும் இதை அடிக்கவில்லை. மீதிக் கதை இதன் மேல்தான் நிற்கிறது.)

மூன்றாவது, டாக்டரின் அறையில் தொடங்குவது. அதுவே இருக்கட்டும்.

3

அந்த அறையில் மூன்று நாற்காலிகள். அண்ணன், அண்ணி, அத்தை உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சிறுநீரக டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை இரண்டாவது தடவையாகப் புரட்டினார்.

"முகம் வீங்க ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும் மேடம்," என்றான் அண்ணன்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். முகம் பார்க்கறதுதானே அவர் வேலை."

"யூரின்ல நுரை வருதா?"

"வருது. பாத்ரூம் கழுவின சோப்புத்தூள் மிச்சம்னு நெனச்சு அம்மாவத் திட்டிட்டு இருந்தேன்."

"என்னத் திட்ட இவளுக்குக் காரணமா வேணும்," என்றாள் அத்தை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கேட்டுக்குங்க. கிட்னி கால் பங்குதான் வேலை செய்யுது. ஸ்கேன்ல ரெண்டும் கொஞ்சம் சின்னதாத் தெரியுது. சிலருக்குப் பொறப்புலயே அப்படி இருக்கும். ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தா தெளிவாயிடும், ஆனா இவங்களுக்கு இருக்கற ரத்த அழுத்தத்துல அது ஆபத்து. அதனாலதான் நாள் கணக்கு கேக்கறேன். புதுசா வந்த அழற்சின்னா மருந்து இருக்கு. கடுமையான மருந்து, உடம்போட எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிடும். ஆனா கிட்னியக் காப்பாத்த வாய்ப்பு உண்டு. பழசுன்னா அத கொடுக்கக் கூடாது. கிட்னி திரும்பாது, ஒரு சளிக் காய்ச்சல் வந்தாக்கூட உயிருக்கே ஆபத்தாயிடும். பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

அண்ணன் முகம் மலர்ந்தது. ஒரு வாரமாக ரத்தம், மூத்திரம், ஸ்கேன் என்று தனக்குத் தெரியாத பாஷையிலேயே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக அவனிடம் இருக்கிற ஒன்றை ஒருவர் கேட்கிறார்.

"போட்டோவா? டேய், ஓடு. கம்ப்யூட்டர்ல குடும்பம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும்."

ஓடினேன். கொண்டுவந்தேன். டாக்டரம்மா தன் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கல்யாண நாள், யாரோ வீட்டு விசேஷம், போன மாதம் அத்தையோடு எடுத்தது. எல்லாவற்றிலும் அண்ணி செதுக்கி வைத்தது போல் இருந்தாள்.

"போன மாசம் வரைக்கும் ஒண்ணுமே தெரியலையே. அப்ப இது புதுசுதான். திங்கக்கிழமை மருந்த ஆரம்பிச்சிடலாம்."

நன்றி சொல்ல வாயெடுத்த அண்ணன் அழுதுவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அந்த வாரத்தில் இருந்ததில்லை.

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். கதை ஐந்தில் காத்திருக்கும்.)

கதை எழுதுகிறவனுக்குக் காரணம் வேண்டும். ராஜா செத்தால் ஏன் செத்தார் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார். வீட்டில் நோய் வந்தால் ஆளாளுக்குக் கதாசிரியர் ஆகிவிடுகிறார்கள். அத்தை சொன்ன காரணம், தண்ணீர் குடிக்காதது. எதிர்வீட்டுக்காரர் சொன்ன காரணம், உப்பு. அண்ணன் சொன்னது, ஸ்டூடியோவில் கழிவறை இல்லாமல் அவளை நாள் முழுக்க அடக்கிவைக்க விட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

டாக்டரம்மா சொன்னது வேறு. ஒரு தொண்டைப் புண் தூண்டியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், பலருக்குக் காரணமே கிடைப்பதில்லை என்றார். பிறகு, அண்ணி தலைவலிக்குத் தினமும் விழுங்கிய வலி மாத்திரைகள் இருக்கின்றன. தலைவலி எதனால்? ரத்த அழுத்தத்தால். அழுத்தம் எதனால்? சிறுநீரகம் கெட்டதால். சிறுநீரகம் மேலும் கெட்டது எதனால்? மாத்திரையால். எது முன், எது பின் என்று நூல் பிடித்துப் போனால் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கிறோம். இப்படி ஒரு கதையை நான் எழுதிக் கொடுத்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

எனக்கும் ஒரு காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 'லைட்' ஃபோல்டரைத் திறக்கும்வரை.

5

தினமும் காலை ஒன்பது மணிக்கு, கடை திறப்பதற்கு முன், அண்ணி அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் போய் உட்காருவாள். அண்ணன் குடை விளக்குகளை ஏற்றி இறக்கி ஒரு படம் எடுப்பான். மூக்கின் நிழல் சரியாக விழுகிறதா, நெற்றி வெளுத்துப் போகிறதா என்று மட்டும் பார்ப்பான். "சரி, எந்திரி" என்பான். முகம் பார்க்கிற படம் அல்ல அது, விளக்கு பார்க்கிற படம். கம்ப்யூட்டர் அதைத் தேதியோடு தானாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். யாரும் திறந்து பார்த்ததில்லை. யாருடைய கையும் படாதவை.

நானூறுக்கு மேல் இருந்தன. முதல் படத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதலில் அண்ணி அண்ணியாகவே இருக்கிறாள். பிறகு ஒரு வாரம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொண்டை வலி. அது போய் இரண்டு வாரத்தில் இடது இமை லேசாகத் தடித்திருக்கிறது. பிறகு வலதும். ஒரு மாதத்தில் கன்னம். நெற்றியில் விளக்கு வெளிச்சம் பட்டு மின்னுவது தலைவலித் தைலம். முகம் வெளிறிக்கொண்டே போகிறது, வீங்கிக்கொண்டே போகிறது. கண்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. நடுநடுவே சில படங்களில் அண்ணனைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். அதைக்கூட அவன் பார்த்திருக்கவில்லை.

துண்டு சுற்றிய படத்தின் தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம்.*

* 'குடும்பம்' படங்கள் ஏன் அப்படி இருந்தன என்று கேட்பீர்கள். அண்ணன் கம்ப்யூட்டரில் 'சிட்டு' என்று ஒரு அமைப்பைச் சேமித்து வைத்திருக்கிறான். ஒரு தட்டுத் தட்டினால் கண்ணுக்குக் கீழ் பை மறையும், கன்னம் ஒடுங்கும், தோல் சிவக்கும். அண்ணி முகத்தில் போட்டுப் போட்டுச் சரிபார்த்து உருவாக்கியது, அதனால் அவள் பெயர். பதினான்கு மாதமாக அதன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கை தானாகச் செய்திருக்கிறது. இந்தத் தெருவில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் இருப்பது அண்ணியின் வீக்கத்துக்குப் போட்ட வைத்தியம்.

6

அண்ணன் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு இந்தக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் பதினொரு மாதம் முன்பு நான் 'ஈரத் தலையணை' என்று ஒரு கதை எழுதினேன். அதில் இப்படி வருகிறது:

'காலையில் அவள் இமைகள் கனத்திருந்தன. இரவெல்லாம் எதற்கு அழுதாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.'

அந்த வரியைப் பாராட்டி ஏழு கடிதங்கள் வந்தன. அந்த இமைகளை நான் எங்கே பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? தினமும் காலையில் தேநீர் வாங்கக் கீழே இறங்கும்போது பார்த்தேன். அண்ணன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்து, அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்: அண்ணன் அவளை அழவைக்கிறான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கதை எழுதுகிறவன் கண்ணுக்கு வீங்கின இமையெல்லாம் அழுகை. ஒரு வருடமாக அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் ஏன் என்று கேட்டபோதெல்லாம் "உனக்கே தெரியும்" என்றேன். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணி அந்தக் கதையைப் படித்தாள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இது நான்தானே தம்பி? நான் எங்க அழுதேன்? படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். எந்திரிச்சா இப்படி இருக்கு," என்றாள்.

எந்திரிச்சா இப்படி இருக்கு. அன்றே அந்த ஐந்து விநாடியில் நான் அவளை நம்பியிருந்தால் பதினொரு மாதம் மிச்சம். நான் நம்பவில்லை. பாவம், கௌரவத்துக்காக மறைக்கிறாள் என்று உருகினேன். அந்த உருக்கத்தில் இன்னொரு கதை எழுதினேன்.

பார்க்காதவனைவிட அழகாகப் பார்த்தவன் மோசமானவ…

(வேண்டாம். மறுபடி அழகாக எழுதப் பார்க்கிறேன்.)

7

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ விடுமுறை. அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தான். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி விழுந்த குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க தம்பி, எவ்வளவு நேரம் ஆனாலும் மேல வர மாட்டேங்குது."

நான் லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன். அவளே தள்ளிக்கொண்டு போனாள். நாக்கு நீட்டிய படத்தில் சிரித்தாள். இருபது படம் தாண்டியதும் சிரிப்பு நின்றது. கடைசிவரை பார்த்தாள்.

"இது அவர் பார்த்தாரா?"

"இல்ல அண்ணி."

"நான் பார்த்தேன்," என்றாள். "காலைல பல் தேய்க்கும்போது கண்ணாடில நல்லாவே தெரிஞ்சுது. அப்புறம் கடைக்குப் போயி அவர் எடுத்த படத்தப் பார்ப்பேன், அதுல நல்லா இருப்பேன். வீட்டுக் கண்ணாடிதான் ரசம் போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். புதுக் கண்ணாடி வாங்கி மாட்டச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் ஆணி அடிச்சீங்க."

ஞாபகம் இருந்தது.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேப்பாங்க. மூஞ்சி வீங்கினதுக்குக் கண்ணாடி இருந்தும் எனக்குப் புத்தி வரல பாருங்க." கணுக்காலை மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். "அப்ப அந்த மருந்து எனக்கு வேலைக்காகாது. இல்லையா?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம். அவர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா அவர் கேமராவத் தொட மாட்டார் தம்பி. எனக்கு என்ன ஆனாலும் அந்தக் கை அவருக்கு வேணும். சத்தியம் பண்ணுங்க."

செய்தேன்.

8

திங்கட்கிழமை, அண்ணன் கீழே சீட்டுப் பதிய வரிசையில் நின்றபோது, அண்ணியும் நானும் முன்னதாக டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் நானூறு படங்களையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நல்ல வேளை," என்றார். அப்புறம், "ஆனா இது தழும்புதாம்மா. இத வெச்சுட்டு அந்த மருந்த நான் கொடுக்க மாட்டேன்." இருக்கிற கால் பங்கை அழுத்த மாத்திரையாலும் உப்பைக் குறைத்தும் முடிந்தவரை காப்பாற்றலாம், கையில் டயாலிசிஸுக்கு நரம்பைத் தயார் செய்யலாம், பிறகு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா என்று பார்க்கலாம். அண்ணி கேட்டுக்கொண்டபடி, அண்ணனிடம் "மருந்து ஒத்துவராது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கொதித்தான். "ஒரு வாரத்துக்குள்ள பேச்ச மாத்துறாங்க. இவங்கள நம்பி எப்படிடா விடறது?" வேறு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். வரும் வெள்ளிக்கிழமை. பழைய படம் கேட்பார்களே என்று ஒரு ஆல்பமே தயார் செய்கிறான். ஒவ்வொரு படத்துக்கும் மறக்காமல் சிட்டு போட்டு, பளபளக்கும் தாளில்.

சரி, அண்ணியே தடுத்துவிடுவாள் என்று நம்பினேன். நேற்று மதியம் சாப்பிட இறங்கினேன். ஆல்பம் அவள் மடியில் இருந்தது.

"அந்த டாக்டர் வேற மாதிரி சொன்னா?" என்றாள். "ஒருவேளை தப்பாக்கூட இருக்கலாம் இல்லையா தம்பி? படத்துல நல்லாத்தானே இருக்கேன்."

ரசம் போன கண்ணாடி என்று மறுபடியும் நம்பத் தொடங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு அழகான பொய் என் மடியில் இருந்தாலும் நான் நம்புவேன்.

முடிவுகள் மூன்றை எழுதிப் பார்த்தேன்.

அ. அண்ணன் தானாகவே 'லைட்' ஃபோல்டரைத் திறக்கிறான். கேமராவைத் தரையில் போட்டு உடைக்கிறான். (சினிமா. தவிர, பதினான்கு மாதமாகத் திறக்காதவன் இரண்டு நாளில் எதற்குத் திறப்பான்?)

ஆ. புது டாக்டர் படங்களை ஓரம் தள்ளிவிட்டு, முதல் டாக்டர் சொன்னதையே சொல்கிறார். எனக்கு வேலை மிச்சம். (நடக்கலாம். அந்த 'லாம்' மேல் அண்ணியின் உயிரை வைத்துவிட்டு நான் மாடியில் தூங்க முடியாது.)

இ. மருந்து தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு சாதாரணச் சளி…

(முடிக்க மாட்டேன். என் கையால் இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

சத்தியத்தை மீறுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வருடமாக அவனிடம் ஒழுங்காகப் பேசாத வாய் இது, எப்படித் தொடங்கும்? தெரிந்த வேலை ஒன்றுதான். இதை எழுதி அச்செடுத்து, நாளை வியாழக்கிழமை காலை ஸ்டூடியோ மேசையில் வைக்கப் போகிறேன். வாசகரே, இதுவரை கூட வந்ததற்கு நன்றி. அடுத்த பக்கம் உங்களுக்கு இல்லை. படிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். படியுங்கள், ஆனால் இடையில் பேசாதீர்கள்.

9

அண்ணே, யாரும் சாகவில்லை.

நீ இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாய் என்று தெரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். மூடி வைக்காதே.

இந்தத் தாள்களோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதைத் திறக்கும் முன் இதை முதலிலிருந்து படி. படிக்கும்போது உன் மேலேயே உனக்குக் கோபம் வரும். அப்போது ஆறாம் பகுதிக்குப் போ, அங்கே கோபப்பட வேறு ஆள் இருக்கிறான். நீ கவனிக்காமல் விட்டாய். நான் கவனித்தும் விட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, நான் கீழே வந்தால் என்னோடு பேசு. ஒரு வருடமாக நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

அண்ணி மேல் கோபப்படாதே. உன் கைக்காகத்தான் மறைத்தாள். அந்த ஃபோல்டரில் அவள் நாக்கை நீட்டுகிற படங்கள் இருபத்தாறு இருக்கின்றன. எண்ணினேன். எல்லாம் உன்னைப் பார்த்து நீட்டியவை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த டாக்டர். ஒன்பது மணிக்கு வழக்கம்போல அண்ணி ஸ்டூலில் வந்து உட்காருவாள். ஒரு படம் எடு. நிழலைப் பார்க்காதே, நெற்றி வெளுப்பைப் பார்க்காதே, சிட்டு போடாதே. எந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போவது என்பதை அதற்குப் பிறகு நீ சொல். நான் முடிவு எழுதவில்லை.

யாரும் சாகவில்லை அண்ணே. முன்னால் திருப்பு.